மாத்திரை போட்டால் பல்வலி போகிறது, கொஞ்ச நாளில் திரும்ப வருகிறது. ஈறிலும் ரத்தம் கசிகிறது. என்ன செய்யலாம்?

வலி நின்றுவிட்டது என்று மட்டும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். அப்புறம் சூடாக எதைக் குடித்தாலும் வலி. இரவில் படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். மாத்திரை போடுவேன், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பேன், கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைப்பேன். இப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் காலையில் வலி அறவே இல்லை. சரியாகிவிட்டது என்றே நம்பினேன்.

நாலு மாதம் கழித்து அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் சின்னக் கொப்புளம் வந்து சீழ் கசிந்தது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் விளக்கினார்: பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கிறது. கிருமி வேர்நுனி வழியாக எலும்பைத் தொட்டுவிட்டது. செத்த நரம்பில் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் ஆன்டிபயாடிக் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. வீக்கம் தற்காலிகமாக அடங்கும், அவ்வளவுதான். ரூட் கெனால் செய்ய வேண்டும், அதாவது செத்த நரம்பை எடுத்து, வேரின் உள்பகுதியைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும். எனக்கு ரூட் கெனால் செய்து, மேலே உறை போட்டார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டதால் செய்யும்போது வலி தெரியவில்லை.

ஈறு விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டுவிட்டேன். ஈறோரம் படிகிற அழுக்குதான் ரத்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம். துலக்காமல் விட்டால் அது கெட்டிப்பட்டுக் காரையாகிவிடும். அதற்கப்புறம் பிரஷ்ஷால் முடியாது, மருத்துவர் கருவியால் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் வழி. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று எனக்கும் பலர் சொன்னார்கள். உண்மையில் ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்திருந்தால், பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த காரை போனதும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. எனக்கு இரண்டு இடங்களில் 5 இருந்தது, ஈறுக்குள்ளேயும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் சாய்த்துப் பிடித்து, தினம் இரண்டு வேளை, வேளைக்கு 2 நிமிடம் துலக்குகிறேன். இரவில் பல்லிடுக்குக்குத் தனி பிரஷ். சில வாரங்களில் ரத்தம் நின்றது. ஒருமுறை சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டமாகும்.

ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைக்கவே வைக்காதீர்கள், புண்ணாகிவிடும். முகமோ கழுத்தோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.