நர்ஸுக்கு 78, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினருக்கு 6: கேள்வி பதில்

அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வருடா வருடம் ஆயிரம் பேர் அளவில் போனில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறது: இந்தத் தொழிலில் இருப்பவர்களின் நேர்மையும் ஒழுக்கமும் எப்படி? மிக உயர்வு, உயர்வு, சராசரி, தாழ்வு, மிகத் தாழ்வு என ஐந்து பதில்கள். முதல் இரண்டையும் சொன்னவர்களின் சதவீதம்தான் இங்கே வரும் எண்கள்; காங்கிரஸ் என்பது அந்த நாட்டு நாடாளுமன்றம். கல்லூரி நாட்களில் கணிப்புத் தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவன், இப்போது புள்ளியியல் வாத்தியார் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

கே: எப்போதும் நர்ஸ்கள்தான் முதலிடமா சார்?

ப: அவர்களைப் பட்டியலில் சேர்த்ததே 1999இல்தான். சேர்ந்ததும் முதலிடம். அதற்குப் பிறகு இறங்கியது ஒரே ஒரு தடவை, 2001இல். இரட்டைக் கோபுரம் விழுந்த வருடம் அது. தீயணைப்பு வீரர்களைப் பற்றியும் கேட்டார்கள். 90 சதவீதம் பேர் 'உயர்வு' என்றார்கள்.

கே: நான் நர்ஸ். நம்பிக்கை இருக்கட்டும் அண்ணா, சம்பளம்?

ப: நியாயமான கேள்விதான் தங்கச்சி. பிரிட்டனில் இப்சோஸ் இதே மாதிரி ஒரு கணிப்பு எடுக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே நர்ஸ்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருடக் கணிப்பிலும் அவர்கள்தான் முதலிடம்!

கே: ஒரே ஆஸ்பத்திரிதானே, டாக்டருக்கு மட்டும் ஏன் குறைவு?

ப: கொரோனா வந்த 2020இல் நர்ஸ் 89, டாக்டர் 77. 2023இல் நர்ஸ் 78, டாக்டர் 56. இரண்டு பேரும் இறங்கினார்கள், டாக்டர் சறுக்கியது அதிகம். காரணம் என்று நான் நினைப்பது இது: பதில் சொல்பவர் நேர்மையை அளப்பதில்லை, 'நான் ஏமாந்தால் இவருக்கு லாபமா?' என்று பார்க்கிறார். இன்னொரு ஸ்கேன் எழுதினால் யாருக்கோ வருமானம் என்ற சந்தேகம் டாக்டர் மேல் வரும். ராத்திரி மூன்று மணிக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்ற வருகிறவர் மேல் வராது. கார் விற்பவர் அடிமட்டத்தில் கிடப்பதும் இதே கணக்குத்தான்.

கே: காங்கிரஸ் உறுப்பினர் அந்தக் கார் விற்பவரை விடக் கீழேயாமே? அப்புறம் எப்படி மறுபடி மறுபடி ஜெயிக்கிறார்கள்?

ப: 2023இல் அவர் 6, இவர் 8. ஆயிரம் பேர் கணிப்பில் இரண்டு புள்ளியெல்லாம் ஒரு வித்தியாசமே இல்லை, விடுங்கள். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி ருசியானது. கீழவையில் மறுபடி நிற்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஜெயிப்பதுதான் வழக்கம். காங்கிரஸைத் திட்டுகிற ஜனங்கள் தங்கள் தொகுதி ஆளை மட்டும் தாங்குகிறார்கள் என்பதை ரிச்சர்ட் ஃபென்னோ என்ற அரசியல் அறிஞர் 1970களிலேயே சுட்டிக்காட்டினார்.

எனக்கு அது புரிந்தது ஒரு திண்ணையில். "போலீஸ்காரர்களின் நேர்மை எப்படிங்க ஐயா?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "எந்தப் போலீஸ்? நம்ம ஏட்டையாவா, பொதுவாவா?" என்றார். பொதுவாக என்றேன். "அப்ப மோசம்னு போட்டுக்கோ." ஏட்டையாவுக்கு என் தாளில் கட்டமே இல்லை.

கே: பாதிரியார்கள்?

ப: சரிவுதான். 2002 ஜனவரியில் பாஸ்டன் மறைமாவட்டத்தில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளும் அவற்றை மூடி மறைத்ததும் பத்திரிகையில் வெளிவந்தன. முந்தைய வருடம் 64 ஆக இருந்தது அந்த வருடம் 52 ஆனது. 2023இல் 32.

கே: கணிப்பு எடுக்கிறவர்களை யாராவது இப்படி மதிப்பிட்டதுண்டா?

ப: உண்டு, இப்சோஸ் பட்டியலில் எங்கள் இனமும் இருக்கிறது. நடுவாக்கில் நிற்போம். ஆனால் கேட்கிறவரே அந்த இனம் என்றால், முகத்துக்கு நேரே 'நீ பொய்யன்' என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? கொஞ்சம் கழித்துவிட்டுப் படியுங்கள்.