பாகம் பிரித்த பழைய வீட்டின் மூல அமைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரி தமிழர் பகுதியில் உள்ள உங்கள் தாத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது குறுக்கே சுவர்கள் எழுப்பிவிட்டார்கள், பழைய அமைப்பை எப்படி மீட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள்.

மெட்ராஸ் டெரஸ் கூரையின் (மரக்கட்டைகளின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்ட பழைய தட்டைக் கூரை) கட்டைகள் ஒரு தாங்கு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கோ உத்தரத்துக்கோ போகும். நடுவில் நிற்கும் சுவரைக் கட்டைகள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனால், அது அநேகமாகப் பிற்பாடு வந்த சுவர். பெரும்பாலும் நாலரை அங்குலம்தான் இருக்கும். பூச்சைச் சுரண்டுங்கள்: சுண்ணாம்புக் காரை பொடியாக உதிரும், சிமென்ட் பிடிவாதம் பிடிக்கும்; சிமென்ட் என்றால் அது பிற்பாடு வந்த வேலையாக இருக்கலாம். முற்றத்துத் தூண் ஒன்றிரண்டு சுவருக்குள்ளேயே புதைந்திருக்கலாம். தட்டினால் ஓசை மாறும். முற்றத்து மழைநீர் வெளியேறிய தூம்பையும் தேடுங்கள்.

பழைய நொத்தேர் பத்திரம் (பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் நோட்டரி எழுதிய சொத்துப் பத்திரம்) கிடைத்தால் பிரெஞ்சு தெரிந்தவரிடம் காட்டுங்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம் எந்த வரிசையில் வரும் என்பதற்கு தமிழர் பகுதியில் பழைய வீடுகள் நிற்கும் வைசியாள் வீதியில் ஒருநாள் நடந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. செல்லரித்துத் தொய்ந்த கட்டை இப்போது அந்தப் புதுச் சுவரின்மேல் சாய்ந்திருக்கக்கூடும். முட்டுக் கொடுக்காமல் ஒரு செங்கல்லையும் எடுக்காதீர்கள்.