திருச்சிப் பக்கம், பழைய சின்னங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுதில் சைக்கிளில் சுற்றிவர நல்ல பாதை எது?

கேள்வி கேட்டவர் திருச்சியில் இருக்கிறார். கியர் சைக்கிள் வாங்கி ஒரு வருடம் ஆகிறது, 40, 50 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம். போன வழியே திரும்பாத வட்டப்பாதையாக இருக்கவேண்டும், மலையேற்றம் வேண்டாம், மதியத்துக்குள் முடியவேண்டும் என்கிறார்.

புதுக்கோட்டைக்கு வாருங்கள். ஊரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் தொடங்கி நார்த்தாமலை, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை என்று இடஞ்சுழியாகச் சுற்றி மறுபடி திருக்கோகர்ணம் வந்து சேரலாம். கோயில்களுக்குப் போய்வரும் கிளைச்சாலைகளையும் சேர்த்தால் 60க்கும் 70க்கும் இடையில் வரும். இது என் ஊர். இந்தச் சுற்றைத் தனியாகவும் துணையோடும் பலமுறை ஓட்டியிருக்கிறேன். 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் நான்கு இடங்களில் இறங்கி நின்று போவதால் கால் தாங்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம்போல இங்கே தரை சமமாக இருக்காது. செம்மண் மேட்டில் ஏறி, கண்மாய்ப் பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறிப் போகும். செங்குத்தான ஏற்றம் எங்கும் கிடையாது. ஆனால் இந்த ஏற்ற இறக்கம் விடாமல் வந்துகொண்டே இருப்பதால் முதல் 20 கிலோமீட்டரில் வேகம் காட்டினால் கடைசி 20இல் தொடை பிடித்துக்கொள்ளும்.

பாதையைச் சொல்லுமுன் ஒரு விஷயம். எங்கள் மாவட்டத்தில் சைக்கிளுக்கே ஒரு வரலாறு உண்டு. 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வழிசெய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலைபார்த்தவர்கள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அம்மா கற்றதே பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான். அதற்குப் பிறகு பின்னால் தண்ணீர்க்குடம், முன்னால் பாரில் நான். நான் முதலில் பார்த்த ஊர்களெல்லாம் அந்தப் பாரில் உட்கார்ந்து பார்த்தவை. அதனால் இந்தச் சுற்றில் சைக்கிளில் எதிர்ப்படும் பாட்டிகளைப் பார்த்தால் ஒரு வணக்கம் வையுங்கள்.

காலை ஐந்தரைக்குத் திருக்கோகர்ணத்தில் மிதிக்கத் தொடங்கிவிட வேண்டும். இங்கே கோகர்ணேசுவரர் குடைவரையும் பிரகதாம்பாள் சந்நிதியும் இருக்கின்றன. புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் பிரகதாம்பாள். சமஸ்தானம் அடித்த அம்மன் காசில் இருப்பதும் இவள்தான். பக்கத்திலேயே 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம். இரண்டையும் திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். விடியுமுன் திருச்சி நெடுஞ்சாலையைக் கடந்துவிடுவது முக்கியம். லாரிகள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். இடஞ்சுழியாகச் சுற்றச் சொல்வதற்கும் இதுவே முதல் காரணம். பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் இந்தச் சாலையில் இறங்காதீர்கள்.

சுமார் 17 கிலோமீட்டரில் நார்த்தாமலை. தூரத்திலிருந்தே மொட்டைப் பாறைக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலமலைப் பாறையில் நடந்து ஏறுங்கள். பாறை சுடத் தொடங்குமுன் ஏறிவிட வேண்டும். வெறுங்காலில் அந்தக் கல்லின் குளிர்ச்சி பெரிய சுகம். வழியில் ஒரு சுனை வரும். அதன் நீருக்கடியில், பாறையைக் குடைந்த சிறு கருவறையில் ஒரு லிங்கம் மூழ்கியிருக்கிறது.

மேலே விஜயாலய சோழீச்சரம். பெயரில் சோழன் இருந்தாலும் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையர் எடுத்த கற்கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்திருக்கிறார். சாத்தன் பூதியை முத்தரையர் குலச் சிற்றரசர் என்பார்கள். சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை, சுற்றிலும் சிறு சிறு பரிவாரக் கோயில்கள், அவற்றில் ஆறு இன்னும் நிற்கின்றன. எதிரே மலையைக் குடைந்த இரண்டு குடைவரைகள். ஒன்றில் பன்னிரண்டு திருமால்கள், ஏறக்குறைய ஆள் உயரத்தில், ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சமணர் குடகு என்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஊர் வணிகர்களின் நகரம். ராஜராஜன் காலத்தில் தெலுங்ககுலகாலபுரம் என்று பெயர். இன்று பாறைமேல் நின்று பார்த்தால் ஆடுகளும் தைலமரக் காடும்தான் தெரிகின்றன. முக்கால் மணி நேரமாவது இங்கே இருங்கள்.

அங்கிருந்து தென்மேற்காகக் கிராமத்துச் சாலைகள். இந்தச் சுற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பிரிவுகள் அதிகம், அதனால் கைபேசி வரைபடத்தைவிட டீக்கடையில் கேட்பது நல்லது. இந்தப் பகுதியில்தான் சீமைக்கருவேல முள் சக்கரத்தில் ஏறும். வேலி வெட்டிப் போட்டிருக்கும் நாட்களில் ஓரம் கட்டாமல் தாரின் நடுவே ஓட்டுங்கள். ஒருமுறை எனக்கு இரண்டு சக்கரமும் ஒரே இடத்தில் பஞ்சர். கையில் இருந்தது ஒரே ட்யூப். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டயருக்குள் விரல் விட்டுத் தடவி, நான் கவனிக்காத மூன்றாவது முள்ளையும் எடுத்துக்கொடுத்தார். அதிலிருந்து இரண்டு ட்யூப், ஒட்டுப் பசை, கைப்பம்பு இல்லாமல் கிளம்புவதில்லை. 28 மில்லிமீட்டர் டயரில் ஓட்டலாம், ஆனால் 32 இருந்தால் கை வலிக்காது.

சித்தன்னவாசலில் இரண்டு இடங்கள். பெரும்பாலோர் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் ஓவியத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் குன்றின்மேல் ஏறி மறுபக்கத்தில் உள்ள ஏழடிப்பட்டத்துக்குப் போங்கள். கீழே ஆழம் தெரியும் ஒரு பாறை விளிம்பு, அதன் முடிவில் இயற்கையான குகை, உள்ளே வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகள், ஒவ்வொன்றிலும் கல்லிலேயே தலையணைபோல ஒரு மேடு. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. எருமிநாட்டில் பிறந்த காவுடி என்பவருக்கு இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். எருமிநாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்க்காரர் ஒருவர் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறார். சைக்கிளில் வந்து வியர்வையோடு அந்த நிழலில் நிற்கும்போது அந்தக் கொடையின் அருமை எனக்குப் புரிகிற மாதிரி, காரில் வந்த நாட்களில் புரிந்ததில்லை.

அறிவர் கோயில் மேற்குப் பார்த்தது. முற்பகலில் உள்ளே நேர் வெளிச்சம் விழாது. ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். மெல்ல மெல்ல விதானத்தில் தாமரைக் குளம் தெரியவரும். இலைகளுக்கு நடுவே மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். முன்மண்டபத் தூண்களில் ஆடும் பெண்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ஓவியம் ஏற்கெனவே நிறைய உதிர்ந்துவிட்டது. தயவுசெய்து சுவரைத் தொடாதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். சின்ன வயதில் நான் பார்த்த சிவப்பு இப்போது அங்கே இல்லை என்று ஒவ்வொரு முறையும் மனது அடித்துக்கொள்கிறது.

அன்னவாசலில் காலைச் சாப்பாடு. இட்லி போதும், பரோட்டா வேண்டாம். தண்ணீர் பாட்டில் இரண்டையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்தது குடுமியான்மலை. இதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இங்குள்ள கோயிலின் முன்மண்டபத்து நாயக்கர் காலச் சிற்பங்களில் நரசிம்மர், பத்துத்தலை ராவணன், குறத்தி என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்றுவிடுவீர்கள். ஆனால் நான் முதலில் ஓடுவது குடைவரைக்குப் பக்கத்துப் பாறைக்கு. இசைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 38 வரிகள், ஏழு பிரிவுகள், கிரந்த எழுத்து. சுரங்கள் நான்கு நான்காகக் கட்டம் பிரித்து வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வரும். மகேந்திரவர்மன் செய்தது என்று பள்ளியில் படித்தோம். கல்வெட்டில் அரசன் பெயர் கிடையாது. ருத்ராசாரியாரின் மாணவனான சிவபக்த அரசன் ஒருவன், மாணாக்கர்களின் நன்மைக்காகச் செய்தது என்றுதான் இருக்கிறது. முடிவில் ஒரே ஒரு தமிழ் வரி: ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’. ஒரு பாறை முழுக்கப் பாடப்புத்தகமாக நிற்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் தேவரடியாராக இருந்த உமையாழ்வி என்ற பெண் மலையமங்கை அம்மன் சந்நிதியை எடுப்பித்த செய்தியும் கல்வெட்டில் வருகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அந்தச் சந்நிதி எது என்று கேட்டு, போய் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். குன்றின் உச்சியைக் கீழிருந்தே அண்ணாந்து பாருங்கள், நடுவில் காளைமேல் சிவனும் பார்வதியும், இருபுறமும் அறுபத்துமூவர் வரிசை தெரியும்.

இங்கிருந்து திருக்கோகர்ணம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், கிழக்கு நோக்கி. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று அடிக்கும். இடஞ்சுழியாக வந்திருந்தால் அது முதுகில் இருக்கும். களைத்த நேரத்தில் அந்தக் காற்று ஒரு கியருக்குச் சமம். வலஞ்சுழியாகப் போனால் இதே சாலையில் எதிர்க்காற்றில் திணறுவீர்கள். வேளாண்மைத் துறையின் அண்ணா பண்ணை குடுமியான்மலையில்தான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சாலையில் மர நிழல் உண்டு. அதைத் தாண்டியபின் நிழலை நம்ப முடியாது.

மார்கழி, தை இரண்டு மாதமும் சிறந்த காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய்களின் கரையோரம் அப்போது நாரைகள் நிற்கும், விடியலில் பனி இருக்கும். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவின்போது சாலை முழுக்கக் காவடியும் கூட்டமும். அப்போது சைக்கிள் வேண்டாம், நடந்து வாருங்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குமேல் இந்தப் பாறைகளுக்கு நடுவே யாரும் ஓட்டக்கூடாது.

தனியாக வரும் பெண்கள் பாதுகாப்பு பற்றிக் கேட்கிறார்கள். நான் தனியாக ஓட்டியிருக்கிறேன், கிராமச் சாலைகளில் பயந்ததில்லை. எச்சரிக்கையாக இருக்கவேண்டியது நெடுஞ்சாலைப் பகுதியில்தான். நின்று வழி கேட்டால் “எங்கிருந்து வர்றீங்க, எம்புட்டு தூரம் போகணும்” என்று கேட்பார்கள். பாதிப் பேர் தாங்களும் சைக்கிள் கற்ற கதையைச் சொல்வார்கள், சிலர் உங்கள் சைக்கிளை வாங்கி ஒரு சுற்று ஓட்டியும் பார்ப்பார்கள். போன தையில் குடுமியான்மலை டீக்கடையில் ஒரு அம்மா என் கியர் சைக்கிளில் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, சீட்டு ரொம்ப உசரம், கொஞ்சம் இறக்கி வையென்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன அளவில்தான் இப்போது ஓட்டுகிறேன்.