‘ஏதோ அக்கா சொன்னது’ என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி

கேள்வி: எனக்கு வயது 31. அலுவலக வேலையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக ராத்திரியில் உட்கார்ந்து தொழில் பற்றி ஒரு வலைப்பூ எழுதுகிறேன். தொழில் தொடங்குவது, விற்பனையைக் கூட்டுவது, பணத்தை நிர்வகிப்பது என்று 160 கட்டுரைகள் போட்டாயிற்று. மாதம் 3,000 பேர் வருகிறார்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே கட்டுரைக்குத்தான் வருகிறார்கள். இழுத்தடிக்கும் பாக்கியை வசூலிப்பது பற்றியது. அது ஏதோ அக்கா சாப்பிடும்போது சொன்னதை வைத்து ஒரு மணி நேரத்தில் எழுதியது. (அக்கா 14 வருடமாகச் சீருடை தைத்துக் கொடுக்கும் தொழில் நடத்துகிறார். சர்வர் வாடகையும் அவர்தான் கட்டுகிறார்.) கூகுள் விளம்பரத்தில் இதுவரை சேர்ந்தது மொத்தமே 61 டாலர். ஏஐ வைத்துத் தினமும் ஐந்து கட்டுரை போட்டால் வளருமா? பணம் கட்டி ஒரு பயிற்சி வகுப்பில் சேரலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? வீட்டில் யாருக்கும் இதன் அருமை புரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘ஏதோ’வைப் பேசிவிடலாம்.

159 கட்டுரைகளை நீங்கள் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் அக்கா பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து ஒரு மணி நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஜனங்கள் தேடி வருவது அந்த ஒன்றுக்கு. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைச் சொன்னவரை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு, தினமும் ஐந்து கட்டுரை போடலாமா என்று கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் அனுப்பிய கட்டுரைகளைப் படித்தேன். பாக்கி பற்றிய கட்டுரையில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. கெடு தாண்டிய பிறகு போன் செய்து ‘எப்போது தருவீர்கள்’ என்று கேட்காதீர்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கணக்குப் பிரிவில் இருப்பவரைக் கூப்பிட்டு, ‘என் பில்லில் ஏதாவது குறை இருக்கிறதா’ என்று கேளுங்கள் என்று வருகிறதே, அந்த இடம். பர்ச்சேஸ் ஆர்டர் எண் விட்டுப்போயிருக்கும். சரக்கை இறக்கியவர் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். பில் யாருடைய மேஜையிலோ கிடக்கும். பணம் இல்லாமல் நிற்கும் பாக்கி ஒரு பக்கம், ஒரு தாள் இல்லாமல் நிற்கும் பாக்கி இன்னொரு பக்கம். இரண்டாவதை ஒரு வாரம் முன்பே பிடித்துவிடலாம். இதை உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. தைத்த துணியைக் கொடுத்துவிட்டு, வாரக் கடைசியில் தையல்காரர்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் காசில்லாமல் நின்ற ஒருவருக்குத்தான் இது தெரியும்.

அதற்குப் பக்கத்திலேயே ‘வாடிக்கையாளரைக் கவரப் பத்து வழிகள்’ என்று உங்கள் சொந்தக் கட்டுரையும் இருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பத்து வழியும் ஆயிரம் இடத்தில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பாக்கி கட்டுரையின் மூன்றாவது பத்தியில் ‘என் தொழில் அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தொழில், தம்பி? மாதச் சம்பளக்காரர் நீங்கள். ஒரு பில் கூட உங்கள் பெயரில் போனதில்லை. கட்டுரை முழுவதும் தேடினேன், அக்கா என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. அவருடைய 14 வருடம் உங்கள் வாயில் ‘நான்’ ஆகிவிட்டது. படிக்கிறவர் நம்புவது, அடிபட்டுக் கற்ற ஒருவர் சொல்கிறார் என்று. அவரையும் ஏமாற்றியிருக்கிறீர்கள், அக்காவையும் ஏமாற்றியிருக்கிறீர்கள்.

குடும்பத்துக்குள் இதையெல்லாமா பார்ப்பது என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. மனைவி கணக்கு எழுதுவாள், கெட்டிக்காரர் என்ற பெயர் கணவருக்கு. தங்கை வாடிக்கையாளரைப் பிடித்து வருவாள், கார்டில் அண்ணன் பெயர். வெளியாளிடம் ஒரு வரி வாங்கினால் நன்றி சொல்கிறோம். கூடப் பிறந்தவர் என்றால் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். அது பாசம் கிடையாது. கேட்க வேண்டியதில்லை என்ற இளப்பம்.

‘வீட்டில் யாருக்கும் அருமை புரியவில்லை’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சர்வர் வாடகையைக் கட்டுகிறவர் யார்? தன் தொழிலில் பாக்கி வராமல் அலைகிறவர், தம்பியின் ஆசைக்கு மட்டும் பாக்கி வைக்காமல் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடைசி வரியை முதலில் அடியுங்கள்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

தினமும் ஐந்து கட்டுரை வேண்டாம். எண்ணிக்கைக்காக எழுதிக் குவித்த தளங்களைக் கூகுள் 2011-லேயே தன் தேடல் முறையில் செய்த பாண்டா என்ற மாற்றத்தால் கீழே இறக்கியது. 2024 மார்ச்சில், தேடலில் மேலே வருவதற்காக மட்டும் மொத்த மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களைத் குப்பைப் பக்கங்களைத் தடுக்கும் தன் ஸ்பாம் விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்தது. அதை எழுதியது மனிதனா இயந்திரமா என்பது அங்கே கணக்கில்லை. இடையில் 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தைப் பார்க்கும் தன் மதிப்பீட்டாளர்களுக்கான கையேட்டில் ‘அனுபவம்’ என்பதைத் தனி அளவுகோலாகச் சேர்த்தது. எழுதியவர் அந்த வேலையை நேரில் செய்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது அந்தக் கையேடு. அடுத்த அறையில் அனுபவத்தை வைத்துக்கொண்டு அது இல்லாத 159 பக்கங்களை எழுதியிருக்கிறீர்கள்.

பயிற்சி வகுப்பும் வேண்டாம். அந்தப் பணத்தைச் சர்வர் வாடகைக்கு வையுங்கள். இந்த மாதத்திலிருந்து அதை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

வேலையை விடுவது பற்றி. உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். மாதம் 3,000 பேர், இரண்டு வருடத்தில் சேர்ந்தது 61 டாலர். ஆரம்பத்தில் இவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள் என்று கழித்தாலும், ஆயிரம் பேருக்கு ஒன்று ஒன்றரை டாலர்தான் தேறும். ஆட்சென்ஸ் என்ற அந்தக் கூகுள் விளம்பரத் திட்டத்தில் 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கே வரும். கூட்டம் பத்து மடங்காகி மாதம் 30,000 பேர் வந்தாலும், இந்த விகிதத்தில் 30 முதல் 45 டாலர். இதை நம்பி யார் வேலையை விடுவார்கள்? விட்டால் சோறு போடப்போவது அந்த அக்காதானே? சம்பாதிக்க முடிகிற வயதில் ஓர் ஆண்பிள்ளை உடன்பிறந்தவளின் வருமானத்தில் உட்கார்ந்து கனவு காண்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு வருடக் குடும்பச் செலவு தனியாகக் கையில் இருக்கட்டும். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் இந்த எழுத்திலிருந்து உங்கள் சம்பளத்தில் பாதியாவது வரட்டும். அதற்கு முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம்.

(இன்னொன்று. வீட்டில் யாருடைய போனிலாவது உங்கள் விளம்பரத்தை அமுக்கச் சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அது விதிமீறல். கணக்கையே முடக்கிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும்.)

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? உங்கள் பக்கத்துக்கு வருகிறவரை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் ‘வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்ன செய்வது’ என்று போனில் தட்டுகிறார். அவருக்கு நாளை காலையில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அவர் கண்ணில் விளம்பரமா படும்? முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், சரக்கை நிறுத்தப்போகிறோம் என்று சொல்லும் மூன்றாவது கடிதம், இந்த மூன்றுக்கும் நல்ல மாதிரி இருந்தால் அவர் காசு கொடுத்து வாங்குவார். பில் அனுப்பும் முன் சரிபார்க்க ஒரு பக்கப் பட்டியல், யார் எவ்வளவு நாளாக வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் பாக்கிப் பதிவேடு, ஆர்டர் எடுக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டிய நிபந்தனைகளின் மாதிரி இவையும் அப்படித்தான். அக்கா சம்மதித்தால் மாதத்தில் சில பேருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேர ஆலோசனையும் தரலாம். ஆயிரக்கணக்கானவர் பார்க்கும் விளம்பரத்தைவிட, சரியான பத்துப் பேர் வாங்கும் ஒரு பொருள் அதிகம் தரும். தொழில் பற்றி எழுதுகிறவருக்கு இந்த வசதி உண்டு. படிக்கிறவர் தொழில்காரர், தன் நஷ்டத்தைக் குறைக்கிற பொருளுக்குச் செலவு செய்யத் தயங்க மாட்டார்.

கமிஷன் வாங்கிக்கொண்டு கணக்கு மென்பொருள் போன்றவற்றைப் பரிந்துரைப்பதும் ஒரு வழி. ஆனால் அக்கா பயன்படுத்தி நல்லது என்று சொன்னதை மட்டும் பரிந்துரையுங்கள். கமிஷன் வருகிறது என்பதைப் பக்கத்தின் மேலேயே போடுங்கள்.

வருகிறவரின் மின்னஞ்சலை வாங்கி வையுங்கள். மாதிரிக் கடிதங்களில் ஒன்றை இலவசமாகக் கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார்கள். தேடலில் உங்கள் பக்கம் நாளைக்கே இறங்கலாம், அது உங்கள் கையில் இல்லை. வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க உதவிய ரீடர் என்ற சேவையை 2013 ஜூலையில் கூகுள் மூடியபோது, அதன் வழியாக மட்டுமே படித்துக்கொண்டிருந்த வாசகர்கள் பல வலைப்பூக்களுக்குத் திரும்பவே இல்லை. முகவரி உங்களிடம் இருந்தால் யார் எதை மூடினாலும் எழுதிக் கூப்பிடலாம்.

கூட்டத்தை வளர்க்க, தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறவுங்கள். அந்த ஒரு கட்டுரைக்கு எந்தச் சொற்களைத் தட்டி வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் கண்ணில் பட்டும் கொஞ்சம் பேரே திறந்த சொற்கள் இருக்கும். அவை உங்கள் பக்கத்தில் இன்னும் பதில் கிடைக்காத கேள்விகள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அக்காவிடம் போங்கள். துணி வாங்கும் முன் எவ்வளவு முன்பணம் கேட்பது? பழைய வாடிக்கையாளருக்குச் சரக்கை நிறுத்துவதை எப்படிச் சொல்வது? பாதிப் பணம் தந்தால் எந்த பில்லில் கழிப்பது? எந்தக் கட்டத்தில் இது வராது என்று விட்டுவிடுவது? இப்படிப் பத்துக் கட்டுரை வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்புக் கொடுங்கள். பாக்கி என்ற ஒரே விஷயத்தில் உங்கள் தளம் ஆழமாக இருக்கட்டும். பழைய 159-இல் ஒரு வருடமாக யாரும் திறக்காதவற்றை எடுத்துவிடுங்கள், அல்லது நாலைந்தைச் சேர்த்து உருப்படியான ஒன்றாக்குங்கள். தேடலில் பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதுவரை மாதம் இரண்டு கட்டுரை போதும்.

அக்காவிடம் ‘டிப்ஸ் சொல்லு’ என்று போகாதீர்கள். அவர் ராத்திரி கணக்கு எழுதும்போது பக்கத்தில் உட்காருங்கள். கடைசியாக இழுத்தடித்த பில் எது, முதலில் யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் ‘இதில் என்னடா இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்பார். அப்படி அவர் சொல்லும் இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் மன்னிப்பு. அந்த மூன்றாவது பத்தியை அவருக்கே படித்துக்காட்டிவிட்டு, இது உங்கள் பேச்சு, என் பேச்சாக எழுதிவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர் சிரித்துக்கொண்டே போகட்டும் விடு என்பார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பெயர் போடலாமா, எந்தப் பெயர், எதையெல்லாம் எழுதக்கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வருகிற பணத்தில் பாதி அவருடையது என்பது என் எண்ணம். தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அக்கா தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று சொன்னாலும் எழுதுங்கள். நாளைக்கு உங்களுக்குத் திருமணமாகும், அவருக்கும் வயதாகும், பணமும் வரும். அப்போது இரண்டு பேருக்கும் அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

நீங்கள் யோசிக்காத ஆபத்தும் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டுரையில் ‘மாதத்தில் கடைசி நாள் மட்டும் கையெழுத்துப் போடும் மேனேஜர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மேனேஜர் படித்தால் அது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியாதா? ஆர்டர் போனால் அக்காவுக்குப் போகும், அவரிடம் தைக்கிறவர்களுக்குப் போகும். இனி ஒரு வரிகூட அவர் படித்துச் சரி என்று சொல்லாமல் வெளியே போகக்கூடாது. அந்த மேனேஜர் வரும் இடத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஒருவேளை அவர் யோசித்துவிட்டு, வேண்டாம்டா, என் தொழில் விஷயம் வெளியே வர வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கட்டுரையை அன்றைக்கே முழுவதுமாக எடுத்துவிடுங்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் வராமல் போவார்கள். போகட்டும். எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் கையால் செய்கிற வேலை என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதிலிருந்து தொடங்கலாம்.