மழை பெய்யுதுங்க

அன்புள்ள ஆசிரியருக்கு,

காங்கேயத்துக்கு அருகில் வசிக்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் எங்களிடம் 'சரீங்க', 'வர்றனுங்க' என்றுதான் பேசுவாள். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் அந்த 'ங்க' மறைந்து வேறொரு தமிழ் வந்துவிடுகிறது. நம் பேச்சு அவளுக்குக் கூச்சமாகிவிட்டதோ என்று வருந்துகிறேன். என் தந்தை புழங்கிய சொற்கள் பலவும் எனக்கே வாயில் வருவதில்லை. கொங்குத் தமிழ் அழிகிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகள் இடமறிந்து பேசுகிறார். நீங்களும் 'வருத்தப்படறனுங்க' என்று எழுதாமல் 'வருந்துகிறேன்' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

'மழை பெய்யுதுங்க' என்னும்போது நாம் மதிப்பது மழையை அன்று, எதிரே நின்று கேட்பவரை. வாக்கியத்தின் பொருளில் இடமே இல்லாத ஒருவரை அதன் கடைசி அசையில் அமர்த்தி மரியாதை செய்யும் இவ்வழக்கம், பிற வட்டாரங்களில் ஓரளவு இருப்பினும், கொங்குப் பேச்சில்தான் இத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது. கேட்பவரைச் சார்ந்தே பிறந்த அசை, கேட்பவர் மாறும்போது மாறுவது இயல்பு. ஆனால் இதே 'ங்க' ஒருவழியாக மட்டும் சென்ற காலமும் உண்டு: பண்ணையத்தில் வேலை செய்த முதியவர் நிலக்காரரின் சிறுபிள்ளைக்கு 'ங்க' போட்டார், அப்பிள்ளையோ அவரை 'வாடா' என்றது. அவ்வழக்கம் தேய்வதை இழப்பாக என்னால் எண்ண இயலாது. அது முற்றும் ஒழிய வேண்டும்.

உங்கள் தந்தையின் சொற்களில் பல, அவை சுட்டிய பொருள்களோடு சேர்ந்தே போனவை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் இப்பகுதிக்கு மின்சாரம் பரவி, காலப்போக்கில் கிணறுதோறும் மோட்டார் வந்தது. எருது பூட்டிக் கிணற்று நீரை மேலேற்றும் 'கவலை' இறைப்பு நின்றபோது, அதன் கருவிகளான சால், வடக்கயிறு, வால்கயிறு ஆகிய சொற்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

என்னை உண்மையில் வருத்துவது வேறு. தாயின் தந்தை அப்புச்சி, தந்தையின் தந்தை அப்பாரு என்று நாம் பிரித்தறிந்த இருவரும் இப்போது 'தாத்தா' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள். அண்ணன் மனைவியை 'நங்கை' என்றழைப்பதும் அருகி, 'அண்ணி' பரவிவிட்டது. உறவுகள் அப்படியே இருக்க, அவற்றின் பெயர்கள் மட்டும் நம் கண்முன்னே நழுவுகின்றன. இதைத் தடுக்கப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை; வீட்டில் பெரியவர்கள் அச்சொற்களால் தங்களை அழைக்கச் சொல்லிக் குழந்தைகளைப் பழக்கினாலே போதும். உங்கள் மகள் தம் தாயின் தந்தையை என்னவென்று அழைக்கிறார் என்பதை அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள்.