கேரி சினிஸும் லெப்டினன்ட் டேனும் – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணே,

போன வாரம் மகனுக்கு, நம் சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையான என்எஸ்ஸுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. அன்றிரவு இருவரும் உட்கார்ந்து 'ஃபாரஸ்ட் கம்ப்' என்ற ஹாலிவுட் படம் பார்த்தோம். அதில் வியட்நாம் போரில் கால் இரண்டையும் இழந்த லெப்டினன்ட் டேனாக நடித்த அமெரிக்க நடிகர் கேரி சினிஸ், முன்னாள் வீரர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்துகிறார் என்று பிறகு படித்தேன். "அவர் ராணுவத்தில் இருந்தாராப்பா?" என்று மகன் கேட்டான். இல்லை என்றேன். "அப்போ நடிச்சதை வச்சு நல்ல பேர் வாங்குறார்" என்றான். என்எஸ், அதற்குப் பிந்தைய ரிசர்விஸ்ட் பயிற்சி எல்லாம் முடித்த எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது. சீருடையே போடாத ஒருவர் வீரர்களுக்காகப் பேசுவது சரியா? நம் ஊரில் இதற்கு என்ன இடம்? நீங்கள் நாடகம் போடுகிறவர், அதனால் கேட்கிறேன்.

– உட்லண்ட்ஸ் வாசகர்

அன்புள்ள தம்பி,

மகனுக்கு என் வாழ்த்துகள். சரி என்பதுதான் என் பதில். ஆனால் பையனின் சந்தேகத்தைத் தட்டிக்கழிக்க முடியாது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் வரிசையைப் பார்க்கவேண்டும். 'ஃபாரஸ்ட் கம்ப்' வந்தது 1994இல். சினிஸ் வீரர்கள் பக்கம் வந்தது அதற்குப் பத்து வருடம் முன்பே. 1974இல், இருபது வயதுகூட ஆகாதபோது, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சிகாகோ புறநகரில் ஸ்டெப்பன்வுல்ஃப் நாடகக் குழுவைத் தொடங்கியவர் அவர். ஆரம்ப நாட்களில் ஒரு தேவாலயப் பள்ளியின் அடித்தளத்தில்தான் நாடகம் போட்டார்கள். வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள் தாங்களே கூடி எழுதிய 'டிரேசர்ஸ்' என்ற நாடகத்தை 1984இல் அங்கே அவர் இயக்கினார். அவருடைய மனைவியின் சகோதரர்களே வியட்நாம் போய் வந்தவர்கள். அவருக்குப் பதினெட்டு வயதான 1973இல்தான் அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது, ஆகவே அவர் போகவேண்டி வரவில்லை. ஆனால் போனவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள், அவர்கள் ஊர் திரும்பியபோது யாரும் வரவேற்கவில்லை என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் அந்தக் குழு முன்னாள் வீரர்களுக்கென்றே இரவுகளை ஒதுக்கியது. சாப்பாடு போட்டு, காசு வாங்காமல் நாடகம் காட்டினார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அப்போது அவரை உலகத்துக்குத் தெரியாது. நாடகக் குழு என்றால் வாடகை, விளக்கு, உடை என்று ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவழிக்கிற பிழைப்பு, அது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த நிலையில் டிக்கெட் விற்காத ஒரு இரவை ஒதுக்குவது பேருக்காகச் செய்கிற காரியமாக எனக்குப் படவில்லை.

லெப்டினன்ட் டேன் வேடத்துக்கு ஆஸ்கர் துணை நடிகர் பரிந்துரை கிடைத்தது, விருது மார்ட்டின் லாண்டாவுக்குப் போனது. கால்கள் இல்லாததுபோல் காட்ட முழங்காலுக்குக் கீழே நீலத்துணி சுற்றி, கணினியில் அழித்தார்கள் என்பதெல்லாம் நீங்களே படித்திருப்பீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பாத்திரத்தின் கதை எங்கே போய் நிற்கிறது என்பதுதான். தன்னைக் காப்பாற்றியவன்மேலேயே கோபப்பட்டு, குடித்து, கடவுளோடு சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அந்த மனிதன் செயற்கைக் கால்களில் நடந்து, தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணோடு நண்பனின் கல்யாணத்துக்கு வருகிறான். வியட்நாம் வீரன் என்றாலே பைத்தியம், தற்கொலை, துப்பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்த சினிமாவில் ஒருவன் பிழைத்து நன்றாக வாழ்ந்தான். படம் வெளியான சில வாரங்களில் ஊனமுற்ற அமெரிக்க வீரர்களின் சங்கம் தன் மாநாட்டுக்கு அவரை அழைத்து விருது கொடுத்தது. சக்கர நாற்காலிகளில் இருந்த மனிதர்கள், கால் இருக்கிற ஒரு நடிகருக்குக் கைதட்டினார்கள். உங்கள் மகன் கேட்ட கேள்வி அந்த மேடையில் அவருக்கும் எழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதற்கு அவர் கொடுத்த பதில் அடுத்த முப்பது வருட வேலை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு முகாம்களுக்கும் ராணுவ மருத்துவமனைகளுக்கும் போகத் தொடங்கினார். 2003இல் ஈராக் போனார். அங்கே பல சிப்பாய்களுக்கு அவர் பெயர் தெரியாது, "லெப்டினன்ட் டேன்!" என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு நடிகராக இருந்தால் இருபது வருட நாடக உழைப்பை ஒரு வேடம் விழுங்கிவிட்டதே என்று நொந்திருப்பார், எங்கள் துறையில் அந்தப் புலம்பலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இவரோ வியட்நாம் வீரரும் இசையமைப்பாளருமான கிமோ வில்லியம்ஸோடு சேர்ந்து தொடங்கிய இசைக்குழுவுக்கு லெப்டினன்ட் டேன் பேண்ட் என்றே பெயர் வைத்தார், அதில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். அந்தப் பெயரால் வீரர்களுக்கு ஏதாவது கிடைக்குமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 'சிஎஸ்ஐ நியூயார்க்' தொடரில் 2004 முதல் 2013 வரை நடித்த காலத்திலும் இந்தப் பயணங்கள் நிற்கவில்லை.

அறக்கட்டளை 2011இல் பிறந்தது. அதன் பெரிய வேலை வீடு கட்டுவது. ஈராக்கில் இரண்டு கையும் இரண்டு காலும் இழந்து பிழைத்த முதல் அமெரிக்க வீரருக்கு நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் கட்டப்பட்ட வீட்டில் சினிஸுக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள். அகலமான கதவு, சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்குத் தாழ்ந்து வரும் அலமாரி, ஒரு திரையைத் தொட்டே விளக்கையும் ஜன்னல் மறைப்பையும் இயக்குகிற வசதி, வீட்டுக்கடன் ஒரு காசு கிடையாது. தண்ணீர் குடிக்க மனைவியைக் கூப்பிடவேண்டிய ஒருவர் தானே எடுத்துக் குடிக்கலாம். மேடையில் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு நடுவே அவர் மகன் மேக் அரிய வகைப் புற்றுநோயில் 2024 ஜனவரியில் காலமானார், வயது 33. வேலை தொடர்ந்தது.

நம் ஊர் என்று கேட்டீர்கள். நம்மிடம் அந்த அளவு போர்க்காயம் இல்லை, அதற்கு நன்றியோடு இருப்போம். ஆனால் யாரும் கேட்காத முதியவர்கள் இருக்கிறார்கள். 1967இல் முதல் தொகுதியாக என்எஸ் போனவர்கள் 1949இல் பிறந்தவர்கள், இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அதற்கும் முந்தைய கணக்கு ஒன்று நம் தமிழர்களுக்கு இருக்கிறது. 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்தும் இங்கிருந்தும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழர் ஏராளம், ஜான்சி ராணி படையில் பெண்களும் உண்டு. 1945 ஜூலையில் அந்த ராணுவத்துக்காக நேதாஜி இங்கே அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தார்கள். எஸ்பிளனேட் பூங்காவில் இன்று இருப்பது 1995இல் வைத்த அடையாளக் கல். தேசிய ஆவணக் காப்பகம் சிலரின் குரலைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. அந்தக் குரல்களை வைத்து நம் மேடையில் போதுமான நாடகம் வரவில்லை என்பது என் வருத்தம், நானும் அந்த மேடையில்தான் இருக்கிறேன்.

சீருடை போடாதவர் பேசலாமா என்றால், பேசுவதற்கு முன் போட்டவர்களைக் கேட்டிருந்தால் பேசலாம். சினிஸ் கேட்டார். மகனிடம் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் வாதம் செய்யட்டும், நல்லதுதான்.

எங்கள் குழுவின் அடுத்த நாடகத்துக்கு இறுதி ஒத்திகை இரவை இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு மட்டும் ஒதுக்கலாம் என்று இருக்கிறோம். கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு. உட்லண்ட்ஸ் பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முன்வரிசை நாற்காலிகளை எடுத்து இடம் செய்யவேண்டும்.

அன்புடன்
அண்ணன்