காய்ந்த இறாலைத் தவிர எதையும் தொடாத ஆமைக்குட்டி

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள ஆமைக்குட்டி ஒன்றை மகளுக்காக மீன் கடையில் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஓடு 4 செ.மீ. நீளம் இருக்கும். டப்பாவில் வரும் காய்ந்த இறாலை மட்டும்தான் தின்கிறது. குச்சித் தீனியைக் கடித்துத் துப்பிவிடுகிறது, கீரையை மிதித்துக்கொண்டு போகிறது. இரண்டு நாள் பட்டினி போட்டுப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. என்ன செய்வது? மகள் அதைக் கையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே இருக்கிறாள், அது பரவாயில்லையா?

பதில்: தீனியை மாற்றும் முன் தொட்டித் தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகி, பழகின ருசியைத் தவிர வேறெதையும் சீண்டாது. நம் மாவட்டங்களில் வெயில் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. மார்கழி, தை மாதக் காலையில் தொட்டித் தண்ணீர் கையைக் கடிக்கும். குட்டிக்கு 25 முதல் 28 டிகிரி வரை வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன ஹீட்டரே போதும்.

அது ஏறி உட்கார ஒரு கல்லும், அதற்கு மேலே 30 டிகிரிக்குக் குறையாத சூடு தரும் குண்டு பல்பும் வையுங்கள். காலை இளவெயிலும் தினம் கால் மணி நேரம், அரை மணி நேரம் படட்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. ஓட்டுக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள், தண்ணீர் கொதித்துவிடும். அகலமான பிளாஸ்டிக் பேசினில் விட்டு, பாதிக்கு நிழல் கொடுங்கள்.

கண் இமை வீங்கியிருந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ, ஓடு அழுத்தினால் அமுங்கினாலோ அது நோய். தீனி வித்தையெல்லாம் செய்து நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். இறாலையே தின்று வளர்ந்து கண் திறக்க முடியாமல் என்னிடம் வந்த குட்டிகள் உண்டு. காய்ந்த இறாலில் வைட்டமின் ஏ போதாது.

இனி ருசியை மாற்றும் வேலை. இந்த ஆமை குட்டியாக இருக்கும்போது புழு, பூச்சி, தலைப்பிரட்டை தேடித் தின்கிற ஜாதி; வளர வளரத்தான் இலை தழைக்கு வரும். அதனால் கீரையை மிதிப்பதற்கு இப்போதே கவலைப்பட வேண்டாம். முதலில் குச்சித் தீனியைப் பழக்குவோம். இறாலைக் கையால் நொறுக்கித் தூளாக்குங்கள். நான்கைந்து குச்சித் தீனியைத் தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டு, மெத்தென்று ஆனதும் அந்தத் தூளில் புரட்டிப் போடுங்கள். வாசனை இறால், உள்ளே இருப்பது தீனி. நாலைந்து நாளுக்கு ஒருமுறை தூளைக் கொஞ்சம் குறையுங்கள். குட்டி வெயில் காய்ந்து சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் பார்த்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதில் விட்டு ஊட்டுங்கள். தண்ணீருக்குள் இருந்தால்தான் அதற்கு விழுங்க வரும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒரு வேளைக்கு அதன் தலை அளவு தீனி போதும். நல்ல உடம்போடு இருக்கிற குட்டி இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது, ஆகவே இடையில் மனம் இளகி இறால் டப்பாவைத் திறக்காதீர்கள். வாரம் ஒருமுறை கிராம் காட்டும் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அசைகிற இரைக்கு எப்பேர்ப்பட்ட பிடிவாதக் குட்டியும் கழுத்தை நீட்டும். மண்புழுவை அலசி, துண்டாக்கி, இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டுங்கள். நம் பக்கத்தில் இன்னொரு வசதி, பட்டுப்புழு. ஊருக்கு ஊர் புழு மனை இருக்கிறது. இரண்டாம் தோலுரிப்பு முடிந்த சின்னப் புழுவாக, படுக்கையில் கிருமிநாசினித் தூள் தூவும் முன் நாலைந்து கேட்டு வாங்குங்கள். அங்கேயே நாலு மல்பெரிக் கொழுந்தும் பறித்து வாருங்கள். புழுவுக்குப் போடும் இலையில் பூச்சி மருந்து இருக்காது, இருந்தால் புழுவே மிஞ்சாது. சந்தையில் வாங்கும் கீரைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இலையைக் கிளிப் மாட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். இன்று தொடாது, ஒரு மாதம் கழித்து ஓரம் கடிபட்டிருக்கும். பரங்கிக்காய், கேரட் துருவலும் அப்படியே. பசலைக்கீரை எப்போதாவது போதும், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். சுண்ணாம்புக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டை, கெட்டியான முதுகுப் பக்கத்தைச் சீவிவிட்டுத் தொட்டியில் போட்டு வையுங்கள். அணை மீன் கொடுப்பதானால் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள்; பச்சைக் கெண்டையில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. கருவாடு, சோறு, பால் வேண்டவே வேண்டாம்.

உங்களுடையது அமெரிக்க இனம், வளர்ந்தால் ஓடு ஓர் அடியை நெருங்கும். அலுத்துப்போனால் அணையிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள், உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். இதைப் படிக்கிற யாராவது நட்சத்திர ஆமையோ பாலாமையோ வைத்திருந்தால், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தீனி யோசனை கேட்காமல் வனத்துறையில் ஒப்படையுங்கள்.

மகள் கொஞ்சுவதைப் பற்றி: நோயே இல்லாத ஆமையின் தோலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு அது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். சின்ன ஆமையைக் குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்காவில் 1975-லேயே தடை போட்டார்கள். முத்தம் வேண்டாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். இடுக்கியில் புழு ஆட்டும் வேலையை மகளிடமே கொடுத்துவிடுங்கள். கையில் தூக்கி வைத்துக்கொள்வதை விட அது அவளுக்குப் பிடித்துப்போகும்.